பாறையின் ஓசையும் கருவிகளின் உரையாடலும்

மனிதர் சென்று நிற்க இயலாத இடத்தில் நடப்பதை, மனிதர் எதிர்வினையாற்றும் வேகத்தைவிட விரைவாக அறிந்தாக வேண்டிய தேவை எங்கெல்லாம் எழுகிறதோ, அங்கெல்லாம் கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளத் தொடங்கியிருக்கின்றன. இயந்திரங்களிடைத் தொடர்பு என்று இன்று அழைக்கப்படும் தொழில்நுட்பத்தின் வேர் இந்தத் தேவையில்தான் இருக்கிறது. வீட்டு விளக்கைக் கைப்பேசியால் அணைப்பது போன்ற வசதிகள் வழியாகவே அது பலருக்கு அறிமுகமாவதால், உயிர் காக்கும் துறைகளில் அது எப்படி வளர்ந்தது என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. அந்த வளர்ச்சியின் பல படிகளை ஒரே இடத்தில் காண விரும்புவோருக்குக் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் அரிது.

பங்காருப்பேட்டையில் பிரிந்து 16 கி.மீ. தொலைவு சென்று மாரிகுப்பத்தில் முடியும் இருப்புப்பாதை, தங்கவயலின் சுரங்கங்களுக்காகவே 1894இல் திறக்கப்பட்டது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இப்பகுதியில் காலூன்றிய பிறகு, இன்றைய தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் 'லைன்' எனப்பட்ட சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் குடியேறின. அவர்கள் உழைப்பால் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாகியது. அந்த ஆழத்தில் மேலே கிடக்கும் பாறையின் சுமை மட்டுமே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 850 கிலோகிராம் எடையாக அழுத்துகிறது. தங்கம் படிந்த குவார்ட்ஸ் நாளத்தை வெட்டி எடுத்து வெற்றிடம் உண்டாக்கும்போது, அந்த இடம் இதுவரை தாங்கிய சுமை அக்கம்பக்கத்துப் பாறைமீது ஏறுகிறது. தாங்கும் எல்லையைக் கடந்த பாறை மெல்ல நெகிழாமல் நொடியின் சிறு பகுதிக்குள் வெடித்துச் சிதறுகிறது. தொடக்க காலத்தில் 'ஏர் பிளாஸ்ட்' என்றும் பின்னர் 'ராக் பர்ஸ்ட்' என்றும் தங்கவயல் மக்கள் அழைத்த இந்தப் பாறைவெடிப்பு, நூறாண்டுக் காலம் அங்கு எண்ணற்ற உயிர்களைப் பறித்தது. நிலத்தின்மேல் உள்ள வீடுகளின் சுவர்களும் அதனால் அதிர்ந்ததுண்டு.

பாறை வெடித்தவுடன் எழும் முதல் கேள்வி, அது எங்கே வெடித்தது என்பதாகும். மீட்புக் குழு எந்த மட்டத்திற்கு இறங்க வேண்டும், எந்தப் பணியிடத்திலிருந்து ஆட்களை வெளியேற்ற வேண்டும், அடுத்த முறை எந்தப் பகுதியில் வெட்டும் வரிசையை மாற்ற வேண்டும் என்ற முடிவுகள் அனைத்தும் அதற்கான விடையைச் சார்ந்தவை. 1912இல் தங்கவயலில் நிறுவப்பட்ட வீஷர்ட் நிலநடுக்கப் பதிவுக் கருவி, அதிர்வு நிகழ்ந்ததையும் அதன் வலிமையையும் பதிவுசெய்தது. அதிர்வு உண்டாக்கும் இருவகை அலைகளில் முதலில் வரும் முதன்மை அலைக்கும் பின்னால் வரும் இரண்டாம் அலைக்கும் இடைப்பட்ட நேரத்திலிருந்து நிகழ்விடத்தின் தொலைவை மதிப்பிடலாம். ஆனால் ஒரே கருவி கூறும் தொலைவு, அக்கருவியைச் சுற்றிய ஒரு கோளப்பரப்பை மட்டுமே சுட்டும். அதில் எந்தப் புள்ளி என்பதைச் சொல்லாது.

விடை பல கருவிகளின் கூட்டுச் சாட்சியத்தில் இருக்கிறது. வெடிப்பு நிகழ்ந்த இடத்தைக் குறிக்கும் மூன்று அளவுகளும் அது நிகழ்ந்த கணமும் சேர்ந்து அறியப்படாதவை நான்கு. ஆகவே குறைந்தது நான்கு இடங்களில் அலை வந்து சேர்ந்த நேரம் தெரிந்தால் கணக்கைத் தீர்க்கலாம்; அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு கருவியும் பிழையைக் கண்டறிய உதவும் கூடுதல் சாட்சியாகும். கருவிகள் அனைத்தும் நிலத்தின்மேல் ஒரே தளத்தில் இருந்தால் நிகழ்விடத்தின் ஆழம் தெளிவாகத் தெரியாது என்பதால், சிலவற்றைச் சுரங்கத்திற்குள்ளும் பதிக்க வேண்டும். 1970களின் பிற்பகுதியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஒத்துழைப்புடன் தங்கவயலில் அமைக்கப்பட்ட ஜியோபோன் வலையம் இந்த முறையில் இயங்கியது. நில அதிர்வை மின்குறிகையாக மாற்றும் உணரியே ஜியோபோன்: காந்தப்புலத்திற்குள் சுருள்வில்லில் தொங்கும் கம்பிச்சுருள், நிலம் அசையும்போது தான் பின்தங்குவதால் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. 1988இல் தங்கவயலிலேயே தேசியப் பாறை இயங்கியல் நிறுவனம் தொடங்கப்பட்டபோது, இந்த அனுபவம் நாட்டின் பிற சுரங்கங்களுக்கும் அணைகளுக்கும் செல்ல வழி பிறந்தது.

தங்கவயலின் ஓசையைக் கேட்ட செவிகள் தங்கவயலில் மட்டும் இருக்கவில்லை. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டறியும் ஆய்வுக்காக 1965இல் கௌரிபிதனூரில் ஆங்கில 'எல்' எழுத்தின் வடிவில் நிறுவப்பட்ட நிலநடுக்க உணரி வரிசை, பெரிய பாறைவெடிப்புகளைப் பதிவுசெய்தது. இரு ஊர்களுக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 115 கி.மீ.; முதன்மை அலை அத்தொலைவைச் சுமார் 20 நொடியில் கடக்கும். கிலோமீட்டர்க் கணக்கில் பரந்து கிடந்த அந்த உணரிகளின் குறிகைகள் வானொலி அலை வழியாக மையப் பதிவகத்திற்கு வந்தன. இணையம் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் கர்நாடகத்தின் பாறை நிலத்தில் இயங்கிய இந்தத் தொலைஅளவீட்டு முறையை, இன்றைய இணைக்கப்பட்ட கருவிகளின் நேரடி மூதாதை எனக் கருதுவதில் தவறில்லை.

அதே 1965இல், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கி.மீ. ஆழத்தில் நடந்த இன்னொரு ஆய்வும் இங்கே குறிப்பிடத்தக்கது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகர, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த இயற்பியலாளர்கள், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் விளைவை அங்கே பதிவுசெய்தனர்; எம். ஜி. கே. மேனன், பி. வி. ஸ்ரீகண்டன், வி. எஸ். நரசிம்மம் ஆகியோர் அக்குழுவில் இருந்தனர். எதிரெதிரே நிறுத்தப்பட்ட இரு சுவர்களில் ஒளிரும் நெகிழிப் பலகைகள் பொருத்தப்பட்டிருந்தன. துகள் ஒன்று இரண்டையும் மிகச்சிறு இடைவெளியில் ஊடுருவினால் மட்டுமே ஒரு மின்சுற்று அதை ஏற்று, இடையிலிருந்த நியான் குழாய்களுக்கு உயர் மின்னழுத்தத்தைச் செலுத்தியது. துகள் சென்ற பாதையில் இருந்த குழாய்கள் ஒளிர்ந்தன. ஒரு கருவி அறிகிறது, மற்றொன்று ஒத்துக்கொள்கிறது, மூன்றாவது செயல்படுகிறது; இந்தச் சங்கிலியில் மனிதருக்கு இடமே இல்லை. மேற்பார்வையின்றி அளவிட்டு, ஒப்பிட்டு, முடிவெடுத்து, செயலைத் தூண்டும் இந்தத் தொடரே இயந்திரங்களிடைத் தொடர்பின் சாரம்.

கருவிகளின் கூட்டுச் சாட்சியம் செல்லுபடியாக வேண்டுமெனில் அவை நேரத்தைப் பற்றி உடன்பட வேண்டும். இத்துறையைப் பற்றிய எளிய அறிமுக நூல்கள் இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுவதால், இங்கே சற்று விரிவாகக் காண்பது நலம். தங்கவயலைப் போன்ற கடினமான பாறையில் முதன்மை அலையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 6 கி.மீ.; அதாவது ஒரு மில்லிநொடிக்கு 6 மீட்டர். ஒரு கருவியின் கடிகாரம் ஒரே ஒரு மில்லிநொடி பிசகினாலும், அது சொல்லும் தொலைவில் 6 மீட்டர் பிழை நேரும். பத்து மில்லிநொடி பிசகினால், பிழை ஒரு பணியிடத்திலிருந்து அடுத்த பணியிடத்திற்குத் தாவும் அளவுக்குப் பெருகிவிடும். பழைய வலையங்களில் எல்லாக் குறிகைகளும் கம்பி அல்லது வானொலி வழியே ஒரே அறைக்கு வந்து ஒரே கடிகாரத்தின்கீழ் பதிவானதால் இந்தத் தொல்லை எழவில்லை. ஒவ்வோர் உணரியும் தனக்கென ஒரு சிறு கணிப்பொறியையும் கடிகாரத்தையும் பெற்ற பிறகே அது பெரிதாயிற்று. மலிவான குவார்ட்ஸ் படிகக் கடிகாரம் பத்து லட்சத்தில் இருபது பங்கு அளவுக்குப் பிசகக்கூடியது என்று கொண்டால், 50 நொடியிலேயே ஒரு மில்லிநொடி வேறுபாடு சேர்ந்துவிடும். நிலத்தின்மேல் செயற்கைக்கோள் குறிகையைக் கொண்டு கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம்; சுரங்கத்திற்குள் அந்தக் குறிகை எட்டாது. எனவே கருவிகள் தமக்குள் நேரச்செய்திகளை அனுப்பி, செய்தி போய்வரும் காலத்தையும் அளந்து கழித்து, ஒன்றையொன்று திருத்திக்கொள்கின்றன. 2002இல் வெளியாகி 2008இல் திருத்தப்பட்ட துல்லிய நேர நெறிமுறை இதற்கான பொது விதியாகும். தகுந்த வன்பொருளுடன் அது மைக்ரோநொடிக்கும் குறைவான உடன்பாட்டைத் தருகிறது.

நெறிமுறை என்பது செய்தி பரிமாறும் இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட விதித்தொகுப்பு. சுரங்கத் தொழிலாளருக்கு இது புதிய கருத்தே அன்று. செங்குத்துச் சுரங்கக் குழியான ஷாஃப்டின் அடியிலிருந்து ஆட்களை ஏற்றிய கூண்டை மேலே இழுக்கும் இயந்திரத்தை இயக்குபவர் அந்தக் கூண்டைக் காண முடியாது. இத்தனை மணியொலிக்கு இன்ன பொருள் என்ற ஒப்பந்தத்தையும், கேட்ட ஒலியைத் திருப்பி ஒலித்து உறுதிசெய்யும் வழக்கத்தையும் நம்பியே அவர் கைப்பிடியை நகர்த்தினார். குறியீடு, ஏற்பு, உறுதிப்படுத்தல் ஆகிய இம்மூன்றும் இன்றைய நெறிமுறைகளிலும் அப்படியே இருக்கின்றன. பாலைவனத்தின் ஊடாகச் செல்லும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க், ஆர்லன் நிப்பர் ஆகியோர் வடிவமைத்த எம்கியூடிடி என்னும் நெறிமுறையில், உணரி தன் அளவீட்டை ஒரு தலைப்பின்கீழ் வெளியிடுகிறது. அந்தத் தலைப்புக்கு முன்பே பதிவுசெய்த கருவிகள் எல்லாம் இடைத்தரகர் மென்பொருள் வழியாக அதைப் பெறுகின்றன. அனுப்புவது யார், பெறுவது யார் என்று ஒன்றுக்கொன்று தெரிய வேண்டிய கட்டாயம் இல்லாததால், புதிதாக ஓர் உணரியையோ ஒரு சங்கொலிக் கருவியையோ சேர்ப்பதற்குப் பழையவற்றைத் தொட வேண்டியதில்லை.

வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே மொழி பேசுவதற்காக உலகத் தரநிலை அமைப்புகள் 2012இல் ஒன்எம்2எம் என்னும் கூட்டு முயற்சியைத் தொடங்கின. இந்தியாவின் தொலைத்தொடர்புத் தரநிலை வளர்ச்சிச் சங்கமும் அதில் இணைந்து, அத்தரத்தை நாட்டில் ஏற்றுக்கொண்டது. கருவிகளுக்கு மட்டுமான சிம் அட்டைகளுக்கு 13 இலக்க எண் வழங்கும் முறை 2018 ஜூலை முதல் இங்கே நடைமுறைக்கு வந்தது.

ஒரு செய்தி எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்கு காட்டும். மூன்று திசைகளிலும் அதிர்வை அளக்கும் ஓர் உணரி, நொடிக்கு 1,000 முறை, ஒவ்வொன்றையும் 24 பிட் துல்லியத்தில் பதிவுசெய்தால், அது உண்டாக்கும் தரவு நொடிக்கு 72 கிலோபிட். நீண்ட தொலைவுக்கு மிகக் குறைந்த மின்சாரத்தில் செய்தி அனுப்பும் லோரா போன்ற வானொலி முறைகளின் வேகம் நொடிக்கு 0.3 கிலோபிட்டிலிருந்து சுமார் 50 கிலோபிட் வரைதான். ஆகவே முழு அலைவடிவத்தையும் ஓயாமல் அனுப்புவது அவற்றால் இயலாது. இயன்றாலும் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். இங்குதான் உணரிக்கு ஓரளவு தீர்ப்பளிக்கும் ஆற்றல் தேவைப்படுகிறது. அண்மைச் சில நொடிகளின் சராசரி அதிர்வை, அதற்கு முந்தைய நீண்ட நேரத்தின் சராசரியால் வகுத்து, அந்த விகிதம் திடீரென உயர்ந்தால் மட்டும் நிகழ்வு என்று அறிவிக்கும் முறை நிலநடுக்கவியலில் 1970களிலிருந்து பயனில் உள்ளது. உணரி அதைத் தானே கணக்கிட்டு, தன் அடையாளம், அலை வந்த நேரம், அதன் வீச்சு ஆகியவற்றை மட்டும் அனுப்பினால் இருபது பைட்டுக்குள் செய்தி முடிந்துவிடும். முழு அலைவடிவத்தை உணரி தன் நினைவகத்தில் வைத்திருந்து, பிறகு கேட்கும்போது தர வேண்டும். அதை அழித்துவிடும் வடிவமைப்புகள் மின்சாரத்தை மிச்சப்படுத்தி அறிவை இழக்கின்றன.

சுரங்கத்திற்குள் இந்தச் செய்தி பயணம் செய்வது தனிப் போராட்டம். ஈரமும் தாதுவும் கலந்த பாறை, கைப்பேசிகள் பயன்படுத்தும் அலைவரிசைகளைச் சில மீட்டருக்குள் விழுங்கிவிடும். வளைந்து செல்லும் சுரங்கப் பாதைகளில் ஒவ்வொரு திருப்பத்திலும் குறிகை மங்குகிறது. இதற்கு மாற்றாக, உறையில் இடையிடையே திறப்புகள் விடப்பட்ட கேபிளைப் பாதை நெடுகப் பொருத்தி, அதிலிருந்து கசியும் வானொலி அலையைப் பயன்படுத்தும் முறை பல நாடுகளில் உள்ளது. மற்றொரு வழி, சிறு கருவிகளை இடைவெளி விட்டுப் பொருத்தி, செய்தியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்றிக் கொண்டுசெல்வது. தன்பாத்தில் உள்ள மத்திய சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் இருப்பிடத்தை அறிய இவ்வகை வலையத்தை உருவாக்கியிருக்கின்றனர். பாறை சரிந்து ஒரு கருவி புதைந்தாலும் செய்தி வேறு கருவிகள் வழியாகச் சுற்றிச் செல்லும் என்பதே இதன் பெரும் பலம்.

எந்த வழியாகச் சுற்றிச் செல்வது என்று யார் தீர்மானிப்பது என்ற கேள்வியே மென்பொருள்வழி வலையமைப்புக்கு இட்டுச் செல்கிறது. மரபான வலையமைப்பில், செய்தியைத் துண்டு துண்டான பொட்டலங்களாகக் கடத்தும் ரூட்டர் ஒவ்வொன்றும் இரு வேலைகளைச் செய்கிறது: அண்டைக் கருவிகளோடு பேசி வழிகளைக் கற்றுக்கொள்வது ஒன்று, வந்த பொட்டலத்தை உரிய பக்கம் தள்ளிவிடுவது மற்றொன்று. முதல் வேலையைச் செய்யும் பகுதி கட்டுப்பாட்டுத் தளம் என்றும், இரண்டாவதைச் செய்யும் பகுதி தரவுத் தளம் என்றும் வழங்கும். இரண்டும் ஒரே பெட்டிக்குள் பூட்டப்பட்டிருந்ததால், வலையமைப்பின் நடத்தையை மாற்ற விரும்புவோர் ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியே மாற்றியமைக்க வேண்டியிருந்தது. 2008இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக் மெக்கியோன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஓபன்ஃப்ளோ என்னும் நெறிமுறையை முன்வைத்து, கட்டுப்பாட்டுத் தளத்தைப் பெட்டிகளிலிருந்து பிரித்து ஒரு பொது மென்பொருளிடம் ஒப்படைக்கலாம் என்று காட்டினர். அந்த மென்பொருளான கட்டுப்பாட்டகம் வலையமைப்பு முழுவதையும் ஒரே வரைபடமாகக் காண்கிறது. பொட்டலங்களைக் கடத்தும் பெட்டிகளான ஸ்விட்சுகள் அது எழுதித் தரும் விதிகளை நிறைவேற்றுகின்றன. தன் தரவு மையங்களைக் கண்டங்கள் கடந்து இணைக்கும் வலையமைப்பை இம்முறையில் நடத்துவதாகக் கூகுள் 2013இல் விவரித்த பிறகு, இது ஆய்வகத்திற்கு வெளியிலும் இயலும் என்பது உறுதியானது.

சுரங்கத்தில் இதன் பயன் தெளிவானது. வழக்கமான நாளில் காற்றோட்டம், வெப்பம், நீர்மட்டம், பம்புகளின் நிலை ஆகியவற்றின் அளவீடுகள் அனைத்தும் சமமாகப் பாதையைப் பகிர்ந்துகொள்ளலாம். ஓர் அதிர்வு பதிவானவுடன், கட்டுப்பாட்டகம் ஒரே கணத்தில் விதிகளை மாற்றி, நிகழ்விடத்திற்கு அருகிலுள்ள ஜியோபோன்களின் அலைவடிவங்களுக்கும் அங்குள்ள தொழிலாளர்களின் இருப்பிடச் செய்திகளுக்கும் முதல் வழி விட்டு, பம்புகளின் வழக்கமான அறிக்கைகளைச் சிறிது நேரம் காத்திருக்கச் செய்யலாம். பழைய வலையமைப்பில் பொறியாளர்கள் பல மணிநேரம் செய்ய வேண்டிய வேலை இது.

ஆனால் முழு அறிவையும் ஒரு மையத்தில் குவிப்பதில் அபாயம் உண்டு. இத்துறையின் ஆர்வலர்கள் சிலர் அதைப் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை. மாரிகுப்பம் வரும் ரயிலையே எடுத்துக்கொண்டால், எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும், எது முந்த வேண்டும் என்பதைத் தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு அலுவலகம் தீர்மானிக்கிறது. எனினும் முரண்பட்ட இரு பாதைகளுக்கு ஒரே நேரத்தில் பச்சை விளக்கு எரியாமல் தடுக்கும் பிணைப்பு அமைப்பு அந்தந்த நிலையத்திலேயே இருக்கிறது; மையத்துடன் தொலைபேசி துண்டிக்கப்பட்டாலும், மையமே தவறாகச் சொன்னாலும், அது தன் கடமையிலிருந்து வழுவாது. இணைக்கப்பட்ட கருவிகளின் வலையமைப்பும் இந்த முறையில்தான் அமைய வேண்டும். ஓபன்ஃப்ளோவின் பிற்காலப் பதிப்புகள் இதற்கு இடம் தருகின்றன: முதல் வழி அறுந்தால் எந்த வழியில் அனுப்ப வேண்டும் என்ற மாற்று விதியை முன்கூட்டியே ஸ்விட்சில் எழுதிவைத்தால், அது கட்டுப்பாட்டகத்தைக் கேட்காமலேயே வழி மாற்றும். மின்கலத்தில் இயங்கும் சிறு உணரிகளில் இந்தத் தேவை இன்னும் கூடுதல். அவற்றின் நினைவகம் நீண்ட விதிப்பட்டியலைத் தாங்காது; ஒவ்வொரு முடிவுக்கும் மையத்தைக் கேட்கும் செய்திகளே மின்கலத்தைத் தின்றுவிடும்.

கருவிகளின் கண்காணிப்பு என்ன தரும், தொடர்பு அறுந்தால் என்ன நேரும் என்பதற்குக் கேரளத்தின் மூணாறு மலைகள் இரு பக்கச் சான்றுகளைத் தருகின்றன. அங்குள்ள அந்தோணியார் காலனிச் சரிவில் அம்ரிதா பல்கலைக்கழகம் நிலச்சரிவைக் கண்காணிக்கும் கம்பியில்லா உணரி வலையத்தை நிறுவியது. ஆழ்துளைகளில் பதிக்கப்பட்ட உணரிகள் மண்ணிடை நீரழுத்தத்தையும் சரிவின் அசைவையும் அளக்க, அந்த அளவீடுகள் கம்பியில்லா இணைப்பு வழியாகவும் செயற்கைக்கோள் வழியாகவும் பல்கலைக்கழக வளாகத்தை அடைகின்றன. மழையும் நீரழுத்தமும் ஏற ஏற எச்சரிக்கை நிலை படிப்படியாக உயர்வதும், அதற்கேற்ப அளவிடும் வேகம் கூடுவதும் இதன் சிறப்பு. அதே மூணாறு வட்டாரத்தின் பெட்டிமுடியில், 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களின் லயங்கள்மீது மலை சரிந்தபோது 70 பேர் மாண்டனர். கடும் மழையில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்ததால், செய்தி வெளியுலகை எட்டுவதற்கே மறுநாள் காலை ஆயிற்று. பேரிடர் தாக்கும் வேளையும் தொடர்பு அறுந்துபோகும் வேளையும் பெரும்பாலும் ஒன்றே என்பதை மனத்தில் கொள்ளாமல் வடிவமைக்கப்படும் எந்தக் கண்காணிப்பு வலையமும் நல்ல காலத்துக்கு மட்டுமே உதவும்.

பாதுகாப்பைப் பற்றியும் சில சொற்கள் தேவை. 2016 அக்டோபரில் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட கண்காணிப்புக் கேமராக்களையும் வீட்டு ரூட்டர்களையும் பேரெண்ணிக்கையில் கைப்பற்றி, பெரிய இணையதளங்களை மணிக்கணக்கில் முடக்கியது. ஒரு நிலநடுக்க உணரி தன் மையத்தோடு மட்டும் பேசினால் போதும். அது வேறெங்கோ பேசத் தொடங்கினால் ஏதோ கோளாறு என்று பொருள். ஒவ்வொரு கருவிக்கும் யாருடன் பேச அனுமதி உண்டு என்பதை அதன் தயாரிப்பாளரே அறிவிக்கவும், வலையமைப்பு அதைக் கட்டாயமாக்கவும் வழிசெய்யும் தரநிலை 2019இல் வந்தது. மென்பொருள்வழி வலையமைப்பு இதை எளிதாக நிறைவேற்றும்.

இனி மீண்டும் தங்கவயலுக்கு வருவோம். அதன் சுரங்கங்களை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டதும், பம்புகள் நின்று, ஆழ்ந்த பாதைகளை நீர் நிரப்பத் தொடங்கியது. நீர் புகுந்த பாறையில் விரிசல்களின் உராய்வு குறைவதால், வெட்டும் பணி நின்ற பின்னும் அதிர்வுகள் தொடர்ந்து எழக்கூடும். நிலத்தின்மேல், தங்கம் பிரித்த பிறகு கொட்டப்பட்ட சயனைடு மண் 13 குன்றுகளாக ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் கிடக்கிறது. அதன் அளவு ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன். காற்று வீசும் மாதங்களில் அதன் நுண்தூள் வீடுகளுக்குள் படிகிறது. இத்தகைய கழிவுக் குவியல்களின் நிலைத்தன்மையை அவற்றுள் இருக்கும் நீரின் அழுத்தமே பெருமளவு தீர்மானிக்கிறது. 2019 ஜனவரி 25இல் பிரேசிலின் புருமாடின்யோவில் இரும்புச் சுரங்கக் கழிவு அணை உடைந்து 270 பேர் இறந்தபோது, பொருத்தப்பட்டிருந்த எச்சரிக்கைச் சங்குகள் ஒலிக்கவே இல்லை. தங்கவயலின் குன்றுகள் அந்த அணையைப் போன்றவை அல்ல, அவற்றின் பின்னால் நீர் தேங்கி நிற்கவும் இல்லை. ஆயினும் அவற்றைத் தோண்டத் தொடங்கும்போது சரிவின் வடிவமும் நீர் வடியும் வழியும் மாறும்.

அந்த வேளை நெருங்கிவிட்டது. இக்குவியல்களில் எஞ்சியிருக்கும் தங்கத்தைப் பிரித்தெடுக்கும் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. இங்கே தேவைப்படும் வலையத்தில் அரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. குன்றுகளுக்குள் நீரழுத்த உணரிகள், சரிவுகளில் சாய்வுமானிகள், லைன்களில் தூசு அளவிகள், பழைய ஷாஃப்டுகளில் நீர்மட்ட அளவிகள், பாறையில் ஜியோபோன்கள் ஆகியவற்றை, உரிமம் வேண்டாத 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குன்றுகளின் உச்சியிலிருந்தே இணைக்க முடியும். ஒவ்வொரு குன்றடியிலும் உணரிகளின் செய்திகளைத் திரட்டும் நுழைவாயிற் கருவி, மையத்தைக் கேட்காமலே தன் வட்டாரத்துச் சங்கை ஒலிக்கும் அதிகாரம் பெற்றிருக்க வேண்டும். வழிகளை வகுப்பதும் முன்னுரிமையை மாற்றுவதும் நீண்டகாலப் போக்கைக் கணிப்பதும் மையக் கட்டுப்பாட்டகத்தின் வேலையாக இருக்கலாம்; ஆபத்தை அறிவிக்கும் உரிமையை மட்டும் அதனிடம் தனியுரிமையாக விடக்கூடாது.

எஞ்சியிருப்பது அளவீடுகள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. பாறைவெடிப்பின் பதிவுகள் நிர்வாகத்திடமும் ஆய்வாளர்களிடமும் இருந்தன. சுவர் அதிர்ந்த வீடுகளில் வாழ்ந்தவர்களின் கைக்கு அவை வந்ததில்லை. கழிவுக் குன்றுகளைத் தோண்டும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் முன்பே, தூசு, நீரழுத்தம், அதிர்வு ஆகியவற்றின் அளவீடுகள் அளக்கப்படும் அதே வேளையில் மாரிகுப்பம் முதல் ஊர் முழுவதற்கும் தமிழிலும் கன்னடத்திலும் தெரிய வேண்டும் என்ற நிபந்தனை அவற்றில் எழுதப்பட வேண்டும். அதைக் கேட்டுப் பெற வேண்டியவர்கள் அங்கே வாழும் மக்களும் அவர்களுக்காகப் பேசும் பொறியாளர்களுமே.